கேன்சல் பொத்தான்

நாள் 88, காலை 07:10
நிலவின் மறுபக்க நிலையம். எழுதுவது நவநீதன், கணினிப் பராமரிப்பு. காற்று, மின்சாரம் சரி. ஆட்கள் இருவர்: நானும் நிலையத் தலைவர் எஸ்தரும்.

கதவு, காற்று எல்லாவற்றையும் நடத்துவது ஒரு பழைய மேசைக் கணினி. பழைய சில்லு கதிர்வீச்சைத் தாங்குமாம். தாங்கட்டும். ஆளுக்கொரு கணக்கு உண்டு, தலைவர் கணக்குக்குக் கடவுச்சொல்லும் உண்டு. அது கேட்கும்போது 'கேன்சல்' அழுத்தினால் முழு அதிகாரத்தோடு உள்ளே விட்டுவிடுகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

காலை 09:40
எஸ்தர் துளையிடும் இடத்துக்குக் கிளம்பினார். இந்தக் கேன்சல் ஓட்டையை அடைக்கப் போவதாக வானொலியில் சொன்னேன்.

"இங்க யாருல களவாங்க வரப்போறா? சும்மா கெட. வந்து பேசிக்கிடலாம்."

வந்து பேச என்ன இருக்கிறது?

முற்பகல் 11:25
கேன்சல் வழியாகவே உள்ளே போய் அடைத்துவிட்டேன். அந்தப் பொத்தானே இப்போது இல்லை. வேறு வட்டு போட்டுக் கணினியைத் துவக்கும் வழியையும் மூடிவிட்டு வெளியேறினேன். இத்தனை பேர் வந்து போயும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிற்பகல் 13:05
எஸ்தர் வெளிக்கதவுக்கு வந்துவிட்டார். தலைவர் கணக்கில்தான் கதவு திறக்கும். கடவுச்சொல் கேட்டேன்.

"நா என்னைக்கு அத அடிச்சேன்? எல்லாருக்கும் கேன்சல்தானல?"

கடவுச்சொல் தெரிந்தவர்கள் பூமியில் இருக்கிறார்கள். தொடர்புச் செயற்கைக்கோள் மாலை ஆறுக்குத்தான் வரும். அவர் உடையில் காற்று பிற்பகல் மூன்று மணி வரைதான்.

பிற்பகல் 14:20
அவர் பெயர். மகள் பெயர். ஊர். எதுவும் இல்லை. மூன்று தவறுக்கு ஒருமுறை பத்து நிமிடம் பூட்டிக்கொள்கிறது. அதை வைத்ததும் நான்தான். கதவின் கைப்பிடியும் கணினி விட்டால்தான் நகரும்.

"கேன்சல்னே அடிச்சுப் பாரேன்." சிரித்தார். அடித்தேன். இல்லை.

14:50
"நவநீ, பேசிக்கிட்டே இருல. என்னத்தையாவது."

கணினியைப் பற்றித்தான் பேசினேன். எஸ்தர் அக்காவிடம் சொல்ல வேறு எதுவும் வாயில் வரவில்லை.

18:04
செயற்கைக்கோள் வந்தது. கடவுச்சொல் வந்தது. நான்கே எழுத்து. கதவு திறந்தது. அக்காவை உள்ளே இழுத்து வந்தேன்.

திரையில் இன்றைய அறிக்கை. அப்படியே எழுதுகிறேன்.

அத்துமீற முயன்றவர்: நவநீதன். எல்லா முயற்சிகளும் தடுக்கப்பட்டன. நிலையம் பாதுகாப்பாக உள்ளது.