கடைப் படியில் பாசி

மேல் டிவிசன் லயம்,
தெமோதரை.
09.11.2003

அன்பு மகள் ஜெயமலருக்கு அப்பா அழகர் எழுதுவது.

உன் கடிதம் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் வந்தது. குவைத்தில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்க முருகனை வேண்டிக்கொள்கிறோம். அம்மா கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறாள். இடுப்பு எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். கொழுந்து பறிக்கும் கூடையைப் பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த அன்று அவள் சாப்பிடவில்லை.

கேஸ் என்ன ஆனது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். நானும் மழையைப் பற்றி எழுதி மழுப்பிக்கொண்டே வந்தேன். இனி மழுப்ப முடியாது. கேஸ் இல்லை. லோயர் ஐயா பேப்பர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் மேல் குறை சொல்லமாட்டேன். பஸ் ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும், அம்மா வழுக்கி விழுந்த படி கடை முதலாளியின் காணியில் இருக்கிறது. கடைக் கூரைத் தண்ணீர் அதில்தான் கொட்டிப் பாசி பிடிக்கிறது. கூரை ஓரத்தில் தண்ணீர் வழிந்தோடப் பீலி வையுங்கள் என்று நானே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அதனால் நட்டஈடு கேட்கலாம் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் படியைப் பார்க்க வந்தபோது அது பளிச்சென்று இருந்தது.

கழுவினது நான்தான் மகளே. போன மார்கழியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், சுண்ணாம்பும் தேங்காய்த் தும்பும் கொண்டுபோய்த் தேய்த்தேன். புஷ்பத்துக்கு அப்போது நிறைமாதம். காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கப் பெரட்டுக்குப் போகும் ஆட்கள் எல்லாம் அதில்தான் ஏறவேண்டும். போட்டோ எடுத்துவிட்டுக் கழுவியிருக்கக் கூடாதா என்று லோயர் தலையில் கை வைத்தார். எங்கள் கல்யாணத்துக்கே ஒரு போட்டோதான் எடுத்தோம்.

படியில் பாசியே இருந்ததில்லை, அம்மா ஓடிவந்து விழுந்தாள் என்கிறார் முதலாளி. பாசியைக் கண்ட ஆட்களுக்கு அந்தக் கடையை விட்டால் அரிசி வாங்க வேறு கடை கிடையாது. அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். புருஷன் சொல்லை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாதாம்.

கடைசியாக லோயர் ஒரு வழி சொன்னார். ஐப்பசி மழைக்குப் படியை அப்படியே விடு, பாசி பிடிக்கட்டும், மாதக் கடைசியில் ஆள் கூட்டிவந்து போட்டோ எடுக்கலாம் என்றார். விட்டேன். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு காலையில் புஷ்பம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினாள். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய்ச் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, போய்த் தேய்ச்சிட்டு வாங்க என்றாள். அன்று ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

கேஸ் வென்றால் அம்மாவுக்கு ஆபரேஷன், நானும் மாசியில் வந்துவிடுவேன், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருந்தாய். போடாதே. நானும் அம்மாவும் செய்ததற்கு நீ அங்கே கிடக்கவேண்டாம். அம்மா கம்போடு இருந்துகொள்வாள். நீ இல்லாமல்தான் அவளால் முடியவில்லை. இதை எழுதவேண்டாம் என்று சொன்னாள், எழுதிவிட்டேன்.

முதலாளி இன்னும் பீலி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் தேய்க்கிறேன். இன்றும் தேய்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் நீயும் அந்தப் படியில்தான் வரவேண்டும். பார்த்துக் கால் வைத்து வா, ராசாத்தி.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா