விளக்குக்காரியின் ஐந்தாவது ஆட்டம்

அண்ணி,

போன செவ்வாய்க்கிழமை மதியம் நீங்கள் ஆன்லைனில் வந்தீர்கள்.

நான் சாப்பிட்ட கையோடு ஹாலில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேம் பெட்டியை அணைக்க மறந்திருக்கிறேன் போலிருக்கிறது. டிவி மூலையில் டிங் என்று ஒரு சத்தம். ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் நீங்கள் வைத்துக்கொண்ட பெயர், அதற்குக் கீழே நீங்கள் ஆடுகிற ஆட்டத்தின் பெயர். நாம் இரண்டு பேரும் முட்டிக்கொண்ட அதே ஐந்தாவது ஆட்டம். நீங்கள் செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ உங்கள் பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம், செத்தும் இவங்க சண்டையை விடலையே என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். புள்ளி கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு எரிந்தது.

நீங்கள் கல்யாணமாகி அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தபோது பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு கேம் பெட்டியும் இறங்கியது. அம்மா அதை ஏதோ ஸ்டெபிலைசர் என்று நினைத்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒரு வாரம் நீங்கள் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் என்னை மட்டும் கூப்பிட்டு, "அத ஃப்ரிட்ஜ்கிட்டேர்ந்து எடுத்துடலாமா? சூடு ஆவாது அதுக்கு" என்று ரகசியமாகக் கேட்டீர்கள். அன்றிலிருந்து நாம் கூட்டாளி.

நாம் 'கோட்டை' என்று பெயர் வைத்திருந்த தொடரை உலகமே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வீரன், ஒரு வாள், பிடிப்பதற்கு ஒரு கோட்டை. அதில் ஒரு பாகத்தில், சந்தையின் ஓரத்தில் ஒரு பெண் விளக்கு விற்றுக்கொண்டிருப்பாள். வீரன் ஒரு விளக்கை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவள் வேலை அதோடு முடிந்தது. ஆனால் ஆடினவர்களுக்கெல்லாம் அவளைப் பிடித்துப்போனது. கம்பெனிக்காரன் விடுவானா? அவளை நாயகியாக வைத்து ஒரு கிளைத் தொடரை ஆரம்பித்துவிட்டான். அவள் சுரங்கப்பாதையில் நடப்பாள், அணைந்து கிடக்கும் விளக்குகளை ஏற்றுவாள், களைத்தால் உட்கார்ந்து முனகலாக ஒரு பாட்டுப் பாடுவாள். வெட்டு கிடையாது, குத்து கிடையாது. "அவன் கோட்டைய புடிச்சிக்கட்டும். நமக்கு இவ போதும்" என்பீர்கள்.

அவளுக்காக இணையத்தில் தமிழில் ஒரு பக்கம் தொடங்கினோம். எந்தெந்த ஆட்டம் விளக்குக்காரி தொடரில் சேரும், எது சேராது என்று தீர்ப்புச் சொல்வதுதான் நம் வேலை. இதற்கு ஒரு பக்கமா என்று அண்ணன் கிண்டல் செய்வான். அவனுக்கு என்ன தெரியும்? காசு வரும் என்றால் கம்பெனி எதன்மேல் வேண்டுமானாலும் அவள் முகத்தை ஒட்டும். முதல் இரண்டு ஆட்டங்களில் தகராறு இல்லை. மூன்றாவது சீட்டாட்டம். அட்டைப்பெட்டியில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நான் வாதாடினேன். நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டே, "பேரு போட்டா சொந்தமாயிடுமா? கல்யாணப் பத்திரிகைல போடறோமே, தங்கள் நல்வரவை நாடும்னு, அதுல பாதிப் பேர் மூஞ்சி நமக்குத் தெரியுமா?" என்றீர்கள். சீட்டாட்டத்தை வெளியே தள்ளினோம். நான்காவது, போனில் ஆடுகிறது, நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். அதை நான் தள்ளப் பார்த்தேன். "விளம்பரம் வந்தா அவ என்ன பண்ணுவா பாவம், நடக்கறது அவதானே" என்று சேர்க்க வைத்தீர்கள்.

இதற்கெல்லாம் நாம் ஒரு சட்டம் வைத்திருந்தோம். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் ஒரு ஆட்டம் உள்ளே வரும், இரண்டு பேரும் சம்மதித்தால்தான் வெளியே போகும். அதுவரைக்கும் 'முடிவாகவில்லை' என்று போட்டு வைப்பது. இரண்டு பேரில் ஒருத்தி இல்லாமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்கிற புத்தி நமக்கு இருக்கவில்லை. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடவே சட்டம் எழுதினால் இப்படித்தான் எழுதுவார்கள்.

ஐந்தாவது ஆட்டம் வந்தபோது நீங்கள் அஸ்தினாபுரத்தில் இல்லை. அண்ணனும் நீங்களும் பிரிந்துவிட்டீர்கள். யார்மேல் தப்பு என்று நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசப் போவதில்லை. கோர்ட்டில் எல்லாம் முடிந்து, நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டலூருக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள். நான் சம்பளத்தில் சொந்தமாக ஒரு கேம் பெட்டி வாங்கினேன். அதற்குப் பிறகு நம் சண்டையெல்லாம் ஹெட்போனில். விடிகாலையில் பேசினால் உங்கள் பக்கமிருந்து ஜூ சிங்கம் கத்துவது கேட்கும். "பாத்தியா, அதுவும் எனக்குத்தான் சப்போர்ட்டு" என்பீர்கள்.

அந்த ஆட்டத்தை வேறு ஏதோ சின்னக் கம்பெனி செய்திருந்தது. கோட்டை இல்லை, வீரன் இல்லை. தலைப்பில் அவள் பெயர் இல்லை. ஆட்டத்துக்குள்ளும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு பெண், கையில் ஒரு விளக்கு, அவ்வளவுதான். பழைய கம்பெனியும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இது விளக்குக்காரியே இல்லை, யாரோ ஒருத்தி என்றேன் நான்.

"கோட்டைய விட்டு வந்துட்டா. பழைய பேரு வேணாம்னு இருக்கா. அதுக்காக அவ அவ இல்லன்னு ஆயிடுமா?" என்றீர்கள்.

"ஆதாரம் காட்டுங்க அண்ணி."

"பாத்தா தெரியலையா உனக்கு? இதுக்கு எதுக்குடி ஆதாரம்?"

நீங்கள் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினீர்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குத்திக்காட்டுகிற வழக்கம் உங்களிடம் கிடையாது. நான்தான் இப்போது மதிய வேளைகளில் அதை அசைபோட்டு அசைபோட்டு என்னென்னவோ ஆக்கிக்கொள்கிறேன். கடைசியாகப் பேசினபோதும் இதே தகராறுதான். சரி, சேர்த்துத் தொலைக்கலாம் என்று நான் அலுத்துக்கொண்டதும் உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்மேல பாவப்பட்டு ஒத்துக்காத. அது செல்லாது. மனசாரத் தோணுச்சுன்னா மட்டும் சொல்லு." அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவேயில்லை.

நீங்கள் போன பிறகு நம் இணையப் பக்கத்தில் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஐந்தாவது சேருமா சேராதா என்று. என்னால் எதுவும் எழுத முடியவில்லை. பாவப்பட்டால் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கோ பாவத்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. இதற்கு நடுவில் அண்ணனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். தை மாதம் கல்யாணம். அம்மா ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இனிமே வாய் தவறிக்கூட வண்டலூர்க்காரிய அண்ணின்னு சொல்லிடாத. வர்ற பொண்ணு என்ன நினைக்கும்? போய்ச் சேந்துட்டா, புண்ணியவதி. ஆனா நமக்கு அவ இப்ப எந்த விதத்துல சொந்தம், சொல்லு?" நான் கீரைத் தண்டுகளை அள்ளிக் குப்பையில் போட்டேன். தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு? அன்றிலிருந்து வீட்டில் உங்களைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொல்லும் இல்லாமல் போனது.

பச்சைப் புள்ளி மூன்றாவது நாளும் எரிந்தபோது, வருவது வரட்டும் என்று 'சேர்' என்பதை அழுத்திவிட்டேன். நண்பர்கள் கேட்காமலே உள்ளே வரலாம் என்று நீங்கள் செய்து வைத்த ஏற்பாடு அப்படியே இருந்தது. திரையில் சுரங்கம் விரிந்தது. கொஞ்ச தூரத்தில் உங்கள் விளக்குக்காரி உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. முனகலாக எதையோ பாடிக்கொண்டிருந்தாள், பழைய ஆட்டங்களின் பாட்டு இல்லை. நான் என் விளக்கோடு அவள் முன்னால் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

இரண்டு பேர் சேர்ந்தால் அந்த ஆட்டத்தில் பேச்சும் தானாகத் திறந்துகொள்ளும்; ஹெட்போன் இல்லாவிட்டாலும் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரிலேயே மைக் உண்டு. டிவியிலிருந்து ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. அதற்கும் பின்னால், ரொம்பத் தள்ளி, சிங்கம்.

"அண்ணி?" என்றேன்.

யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். அப்புறம் ஒரு இருமல். அதோடு எல்லாம் அணைந்துபோனது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன். தாம்பரம் தாண்டினதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று கூடத் தோன்றியது. எதைப் பார்க்கப் போகிறேன் என்றே தெரியாமல் பயந்துகொண்டு போனேன். வண்டலூரில் இறங்கி ஆட்டோ பிடித்து உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, உங்கள் அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து கூப்ட்டது நீதானா?" என்றார்.

"ஆமா அத்தை."

"யம்மாடி! டிவிக்குள்ளேர்ந்து அண்ணின்னு ஒரு குரலு. என் பொண்ண அப்படிக் கூப்பிட யாரு கீறாங்கன்னு நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு. ஓடிப்போய் பிளக்க புடுங்கிட்டேன்."

நான் உங்களைப் பேய் என்று நினைத்தேன். அவர் என்னைப் பேய் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று சிரித்து, அப்படியே அழுதோம்.

உள்ளே போனதும் அத்தை விவரம் சொன்னார். அவருக்கு ஆடத் தெரியாது. பெட்டியைப் போட்டு, நடுப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் நீங்கள் விட்ட இடத்தில் அந்தப் பெண் நிற்பாள் என்பது மட்டும் தெரியும். "கொஞ்ச நேரம் சும்மா வுட்டா உக்காந்துகினு பாடுவா. அவ ஆடும்போது தெனம் அந்தப் பாட்டு வூட்ல கேட்டுனே இருக்கும். மத்தியானத்துல வூடு ரொம்ப அமைதியாயிடுது. அதான் போட்டு வுட்டுடுவேன்." நான் உங்கள் இடத்தில் உட்கார்ந்து, நீங்கள் விட்ட இடத்திலிருந்து ஆடினேன். அதிகம் மீதியில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசி வரைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், அண்ணி. கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயர் இல்லை. பழைய சந்தையின் வாடைகூட இல்லை. நான் கேட்ட ஆதாரம் அந்த ஆட்டத்தில் எங்கேயும் இல்லை.

அத்தை சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவிலிருந்து உங்கள் சித்தி வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு? நம்ம பொண்ணுக்கு இன்னா வேணும்?"

அத்தை கரண்டியோடு தயங்கினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "கூட விளையாடற..." என்று ஆரம்பித்தார்.

"நாத்தனார்" என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சித்தி முகம் மாறிவிட்டது. "அதான் கோர்ட்லயே அத்துக்கினு வந்தாச்சே. இன்னும் இன்னா நாத்தனாரு?"

எதிர்ச் சுவரில் மாலை போட்ட உங்கள் படம் மாட்டியிருந்தது. கல்யாணத்தில் எடுத்த படம். அண்ணனை வெட்டி எடுத்துவிட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நீங்கள் தலைகுனிந்து இருக்கிறீர்கள், தாலி கட்டுகிற நேரம். வெட்டினவர்கள் எவ்வளவு கவனமாக வெட்டியும், உங்கள் கழுத்துக்குப் பின்னால், மல்லிகைச் சரத்தை ஒதுக்கிக்கொண்டு ஒரு கை மட்டும் படத்தில் தங்கிவிட்டது. மருதாணி வைத்த சின்னக் கை.

"அந்தப் போட்டோல கழுத்துக்கிட்ட ஒரு கை தெரியுது பாருங்க, அது என்னுது. மூணாவது முடிச்சு நான் போட்டது. அண்ணன் அவுத்துக்கிட்டாரு. நான் எங்கயும் போய் எதையும் அவுக்கல" என்றேன்.

சித்தி படத்தின் அருகே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டில் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

ரயிலில் திரும்பி வரும்போது போனில் நம் பக்கத்தைத் திறந்தேன். இதை உங்களுக்காகச் செய்யவில்லை, பாவப்பட்டும் செய்யவில்லை. ஆதாரம் கேட்கவேண்டிய விஷயமில்லை இது என்று எனக்கே மனசாரத் தெரிந்துவிட்டது. உங்கள் சம்மதம் ரொம்ப நாளாக அங்கே காத்துக்கொண்டிருந்தது. பாக்கியிருந்தது என்னுடையது. ஐந்தாவது ஆட்டத்துக்கு எதிரே இருந்த 'முடிவாகவில்லை' என்பதை அழித்து, 'இவள் அவள்தான்' என்று எழுதினேன்.

தை மாதம் வருகிற பெண்ணுக்கும் நான்தான் முடிச்சுப் போடுவேன். அவளையும் வாய் நிறைய அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவள்மேல் எனக்கென்ன வருத்தம்? அவள் என்றாவது, உங்களுக்கு முன்னாடி ஒரு அண்ணி இருந்தாங்களாமே என்று கேட்டால், இருந்தாங்க என்று சொல்லமாட்டேன். இருக்காங்க என்பேன்.

உங்கள்
நாத்தனார்