அம்மாவின் கையில் இருந்த கட்டை

அம்பிட்டிய,
கண்டி.
செப்டெம்பர், 2025

அன்பு மகள் அனுஷியாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை ரவிகுமாரும் பேத்தி சிந்துஜாவும் சளி இருமல் இல்லாமல் அங்கே வரப்போகும் குளிர்காலத்தையும் கடந்துவிட வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது முருகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நான் சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் விபரமாகவே சொல்கிறேன். பேராதனை ஆஸ்பத்திரியில் செய்த ஒப்பரேஷனுக்குப் பிறகு அம்மாவின் முழங்கால் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள், வெளியே போனால் எடுத்துக்கொள்கிறாள், என்னை ஏசும்போதும் அதை எடுத்துக்கொள்கிறாள். முழங்காலை மடக்கித் தரையில் உட்காரக் கூடாது, குனிந்து ஒன்றையும் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதை மட்டும் கேட்பதில்லை. ஹந்தானை மலைப் பக்கம் தினமும் பின்னேரம் மழை. பின்சுவர் ஈரம் இழுத்துவிட்டது, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சிந்துஜாவுக்குப் பல் விழுந்த படத்தை அம்மா தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டாள். மாப்பிள்ளையும் பழைய கார்தான் வாங்கியிருக்கிறார் என்று கேட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம், நம் வீட்டுக்கு ஏற்ற மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டேன். உன் பக்கத்துக் கதவு உள்ளே இருந்து திறக்காதாம், அவர் பக்கமாகத் தாண்டி இறங்குகிறாயாம், பழகிருச்சுப்பா என்று முன்பொரு நாள் போனில் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்வாள், அதோடு போன மாதம் நீ பேசியதிலிருந்து எனக்குப் போனைத் தொடவே மனம் வரவில்லை. அம்மாவோட காலுக்கு ஏதாச்சும் ஆனா அதுக்கு அந்தக் காருதான் காரணம், உங்க வீம்புக்கு அவங்க எத்தன காலம்தான் கூட வருவாங்க என்று கேட்டாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்க் காரைக் கழுவினேன். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது என்பதை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள்.

மகள், என் வாழ்நாளில் நான் ஒரு புதுக் கார் வாங்கியதில்லை. மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதிக் கிளாக்கருக்கு எதற்குக் கார் என்று கந்தோரில் எல்லோரும் கேலி செய்தார்கள். அம்மாவுக்குக் கலஹாவில் தோட்டப் பாடசாலையில் நியமனம் கிடைத்த நேரம் அது. நீ வயிற்றில் இருந்தாய். ஒரு நாள் பின்னேரம் கலஹா பஸ்ஸில் மிதிபலகையில் நின்று நனைந்து வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தெல்தோட்டையில் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் அந்தச் சாம்பல் நிறக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அது எனக்கு முன்னே எத்தனை பேரைப் பார்த்ததோ தெரியாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் குழம்பில் கிடக்கும் அகப்பை மாதிரிச் சும்மா கையோடு வரும். முதல் நாளே கலஹா ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நிற்க, நானும் நிறுத்த, திரும்ப எடுக்கப் பார்த்தால் கார் பின்னால் போகிறது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன் அம்மா கதவைத் திறந்து இறங்கித் தேயிலைக் கரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். அடுத்த வாரம் கட்டுகஸ்தோட்டை கராஜில் மஹ்மூத் நானா, அப்போது அவரும் இளந்தாரி, பலா மரத்தில் சாய்வாக ஒரு கட்டை அறுத்துக் கயிறு கோத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அது அம்மாவின் காலடியில்தான் இருந்தது.

உனக்கு அது நினைவிருக்கும், ஆனால் நாங்கள் அதை எப்படிச் செய்தோம் என்று நீ பின்சீட்டில் இருந்து முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். ஏற்றத்தில் நின்றால் நான் ம் என்பேன், அவ்வளவுதான், அவள் இறங்கிவிடுவாள். சக்கரம் கட்டையில் உட்கார்ந்ததும் பின்னால் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் காரை எடுத்துக்கொண்டு போய் ஏற்றம் முடிகிற இடத்தில் காத்திருப்பேன். அவள் ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்து மறு கையில் கட்டையைக் கயிற்றோடு எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். மழை என்றாலும் அப்படித்தான். பிறகு பச்சைக் கார் வந்தது, நீ தவளை என்று பெயர் வைத்தாயே, பின்கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். அதற்குப் பிறகு வெள்ளை, கடைசியில் இந்த நீலம். ஒன்றிலும் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. ஒவ்வொன்றையும் வாங்கும்போது எல்லாவற்றையும் சரி செய்துவிடுவது என்றுதான் நினைப்பேன். முதலில் ரேடியேட்டர், அது முடிந்தால் கியர், அது முடிந்தால் டயர். ஹேண்ட்பிரேக்குக்கு முறை வரவே இல்லை. கட்டை இருக்கிறதே. கார்கள் மாறின, கட்டை மட்டும் ஒரு காரிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறிக்கொண்டது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் தவளை கொதித்து நின்றபோதெல்லாம் அம்மா கட்டையை வைத்துவிட்டு, தண்ணீர்க் கேனை என்னிடம் தந்துவிட்டு, பாதை ஓரத்தில் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து உனக்கு ஊட்டுவாள். கொழும்பில் கலியாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மாதிரியே நாம் இருக்க மாட்டோம், கடுகண்ணாவைக்கே சுற்றுலா வந்தவர்கள் மாதிரி இருப்போம். நீ பேராதனைக் கெம்பஸுக்குப் போன நாட்களில் கூட்டாளிகள் பார்ப்பார்களென்று வாசல் வரை வராமல் கலஹா சந்தியிலேயே இறங்கிக்கொள்வாய். அதற்காக நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. பெற்றோல் தட்டுப்பாடு வந்து நாடே வரிசையில் நின்ற காலத்தில் நீ இங்கே இல்லை. பெற்றோல் ஷெட்டுக்குப் போகும் பாதை முழுக்க ஏற்றம், வரிசை ஒரு அடி நகர்ந்தால் ஒரு தரம் கட்டையை எடுத்து வைக்க வேண்டும். அந்த வயதிலும் அம்மாதான் செய்தாள். பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்த்துக் கல் தேடிப் போனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு பேராதனையில் காட்டிவிட்டுத் திரும்பும்போது நம் வீட்டு ஏற்றத்தில் நடந்ததை அம்மா உனக்குச் சொன்னாள் என்று தெரியும், அதனால்தான் நீ அப்படிப் பேசினாய். எதிரே லொறி வந்தது, நான் ஏற்றத்தில் நிறுத்தினேன். சத்தியமாக அன்று நான் ம் என்று சொல்லவில்லை. பழக்கத்தில் அவளாகவே இறங்கிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் நிற்கிறாள். முழங்கால் மடங்கவில்லை. குனியப் பார்க்கிறாள், முடியவில்லை, திரும்பவும் பார்க்கிறாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் அவள் மேலே போகும், இறங்கி ஓடவும் வழியில்லை. அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் லொறிக்காரன் இறங்கி வந்து அம்மே என்று கூப்பிட்டு அவள் கையிலிருந்து கட்டையை வாங்கி வைத்தான். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகுதான், இனிமே என்னால முடியாதுங்க என்று சொன்னாள். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நீ போனில் சொன்னது எனக்குப் புதிதாக இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன் மகள்.

காரை விற்றுவிட்டேன். மழையில் கழுவி முடித்ததுமே முடிவெடுத்துவிட்டேன், ஆனால் நடந்தது நான் நினைத்த மாதிரி இல்லை. கலஹாவில் மரக்கறி வியாபாரம் செய்கிற சதீஸ் என்ற பிள்ளை மனைவியோடு பார்க்க வந்தான். அந்தப் பெண் நிரோஷினிக்கு ஆறேழு மாதம் இருக்கும். அவளை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். காரையும் பார்த்தாள். பிறகு என்னிடம், ஹேண்ட்பிரேக் சரி பண்ணாம இந்த வண்டி வாசல விட்டுப் போகக் கூடாது, அந்தப் புள்ள எறங்கிக் கட்ட வைக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நான் மஹ்மூத் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இது ஒரு வயரும் ரெண்டு லைனரும்தானே, எப்பவோ சொல்லியிருந்தா செஞ்சி தந்திருப்பேனே என்றார். காலையில் விட்டேன், பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

வரும் வழியில் நம் ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். காலை எடுத்தேன். கார் அசையவில்லை. இறங்கிப் பக்கத்தில் நின்று பார்த்தேன், பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அம்மா ஊன்றுகோலோடு கேட்டுக்கு வந்து என்னையும் காரையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது, ஏன் ஒரு நாளாவது எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க ஓட்டுனீங்க, நான் கட்ட வச்சேன், நம்ம காரு அப்பிடித்தான் போகும்னு நெனச்சிட்டேன் என்றாள். கலஹா ஏற்றத்தில் காலையில் தனியாக நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் பிடிக்கவும் செய்ததாம், தேயிலை வாசமும் அமைதியுமாக இருக்குமாம், வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்காத நேரமாம். நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். அப்போதுதான், ஆனா வயித்துல புள்ளையோட சக்கரத்துக்குக் கிட்டக் குனியிறப்ப மட்டும் பயமா இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பிள்ளை நீ. பஸ்ஸில் நீங்கள் இருவரும் கஷ்டப்படக் கூடாதென்று வாங்கிய கார் அது. அன்று இரவு வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை மகள்.

உண்மையைச் சொன்னால், ஹேண்ட்பிரேக் பிடித்ததும் காரை வைத்துக்கொள்ளலாமா என்று ஓர் ஆசையும் வந்தது. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் சரியாயிருச்சு, உங்க கண்ணு மங்கல்தான் இன்னும் சரியாகலையே என்றாள். வெள்ளிக்கிழமை சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சதீஸ் ஓட்டிக்கொண்டு போனான். போகும் முன் கட்டையை நான் பின்பெட்டியில் வைத்தேன், அவசரத்துக்கு உதவட்டும் என்றுதான். அம்மா திறந்து எடுத்துவிட்டாள். இப்போது அது குசினிக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேற்றுக் கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். வாசல் ஏற்றத்தில் நின்றதும் அம்மாவின் கை பழக்கத்தில் காலடியைத் தேடியது. நீ இரு என்று சொல்லி நான் முதலில் இறங்கி அந்தப் பக்கம் போய் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். இறங்குகிற வேலை இனி எனக்கு. நீ சொன்னது சரிதான், அதை எழுத எனக்கு இவ்வளவு தாள் தேவைப்பட்டது.

என் கண் ஒப்பரேஷனுக்குத் தை மாதம் திகதி தந்திருக்கிறார்கள், பயப்படாதே. சிந்துஜாவைத் தமிழ் வகுப்புக்கு விடாமல் அனுப்பு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நல்லபடியாக வாழ வேண்டும், கதிர்காமத்தான் கூடவே துணை இருப்பான். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், பழைய கார் வைத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உன் பக்கத்துக் கதவை இந்த வாரமே சரி செய்யச் சொல். அரை நாள் வேலையாகத்தான் இருக்கும். பழகிருச்சு என்று மட்டும் அவரிடம் சொல்லாதே.

உன் அன்பு அப்பா,
க. அழகர்