இஸ்தான்புல்லில் நீ சொன்னதும் ரொறொன்ரோவில் சொல்லாததும்

உன் மனைவி தந்துவிட்ட உன் குளிர்ச் சட்டையை இன்று காலைதான் முதல்முறையாகப் போட்டேன். உள்பைக்குள் ஒரு நுழைவுச்சீட்டு இருந்தது. இஸ்தான்புல்லில் நிலத்துக்கு அடியில் இருக்கும் அந்தப் பழைய நீர்த்தேக்கத்துக்கு நாங்கள் இருவரும் போன நாளின் சீட்டு. பஸ் தரிப்பிடத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என்னுடைய பஸ் வந்து போய்விட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. செத்துப்போன ஒருவனோடு இவ்வளவு கோபமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

முப்பது வருடங்களுக்கு முன் யுத்தத்துக்குத் தப்பி வந்து அதே நகரத்தில் ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், கிடந்தோம். கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் ஒரு கட்டடத்தின் நிலவறையில் உன்னையும் என்னையும் குணம் அண்ணையையும் வைத்துப் பூட்டியிருந்தான். ஒரேயொரு சின்ன ஜன்னல், தெருவின் மட்டத்தில். அதில் நடந்துபோகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். குணம் அண்ணை எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். சுவரில் சாய்ந்துகொண்டு, "உது பள்ளிவாசலுக்குப் போற கால். உது சந்தையாலை வாற கால், பாரம் தூக்கியிருக்கு" என்று எங்களுக்கு நகரத்தைக் காட்டுவார். "கனடாப் பேப்பர் கிடைச்சாப் பிறகு பிளேன் ரிக்கெற் எடுத்து வந்து மிச்சத்தையும் பாப்பமடா" என்பார். அன்றன்றைக்குச் சாப்பிடத் தரும் பாணை மூன்றாகப் பிய்த்துச் சின்னத் துண்டைத் தான் எடுப்பார்.

ஒருநாள் மத்தியானம் எங்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வான் வந்தது. இரண்டு பேருக்குத்தான் இடம். நான் ஏறியிருந்தேன். சற்றுப் பொறுத்து நீ வந்து ஏறினாய். "குணம் அண்ணைக்குக் காய்ச்சல் மச்சான். அடுத்த முறை வருவார்" என்றாய். அவர் வரவேயில்லை. கனடாவில் அவருக்காகக் காத்திருந்த தங்கை வதனிக்கு நாங்கள் இருவரும் இத்தனை வருடமும் அதையேதான் சொன்னோம். காய்ச்சல், அடுத்த முறை.

போன இலையுதிர் காலத்தில் நீதான் என்னைக் கேட்டாய். "ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகியிட்டம். அந்தச் சிற்றியை ஒருக்கால் நிமிந்து நிண்டு பாத்திட்டு வருவம்." நான் ஒரு மாதம் படித்தேன். எந்த மாளிகை, எந்தச் சந்தை, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று எழுதி வைத்திருந்தேன். இஸ்தான்புல் போய்ப் பெரிய பள்ளிவாசலின் குவிமாடத்துக்குக் கீழே மேல்மாடத்தில் நின்றபோது எனக்குக் கழுத்து வலிக்க வலிக்கத் தலையைத் தாழ்த்த மனமில்லை. நீ கைபேசியில் தெரு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தாய். சுல்தான்களின் அரண்மனையில் நீலப் பூ ஓடுகள் பதித்த அறைக்குள் நான் நிற்க, நீ வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த இரண்டு நாளும் என்னைச் சந்துசந்தாக இழுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தாய். இப்போது அது ஹோட்டல். எங்கள் நிலவறையில் காலைச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். ஒலிவ் காய், பாற்கட்டி, தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், முன்னம் இங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கைபேசியில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் கேட்டாய். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நாங்கள் ஊர் பாக்க வந்தனாங்களோ, இதைப் பாக்க வந்தனாங்களோ?" என்று நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ அவளுக்கு அடுத்த கேள்வியைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

கடைசி நாள் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். படியிறங்கியதும் குளிர். தண்ணீருக்குள் வரிசை வரிசையாகக் கல்தூண்கள், கூரையிலிருந்து சொட்டும் ஓசை. ஒரு தூணின் அடியில் தலைகீழாக வைத்திருக்கும் கல்முகத்தைப் பார்க்க நான் குனிந்தபோதுதான் சொன்னாய்.

"மச்சான், அண்டைக்கு வான் வந்தது உனக்கும் குணம் அண்ணைக்கும். நான்தான் ஏஜென்டிட்டை, அவர் காய்ச்சலோடை போனால் எயாப்போட்டிலை எல்லாரும் பிடிபடுவம் எண்டு சொன்னனான். அவரின்ரை பாஸ்போர்ட்டிலை என்ரை படத்தை ஒட்டச் சொன்னனான்."

"நீ அதைச் சொல்லேக்கை அவர் நித்திரையோ?"

"இல்லை. முழிச்சுக்கொண்டுதான் கிடந்தவர். என்னைப் பாத்தவர்."

எங்களுக்குப் பின்னால் படம் எடுக்க ஆட்கள் காத்து நின்றார்கள். வழிவிட்டோம். "வதனிக்கு?" என்றேன். "ரொறொன்ரோ போனதும் நானே சொல்லுவன்" என்றாய்.

சொன்னாயா? மூன்று முறை தொலைபேசியில் கேட்டேன். மூன்று முறையும் "வாற கிழமை". பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மரக்கறிக் கடை வரிசையில் நின்றபடியே விழுந்து போய்ச் சேர்ந்தாய். உன் இறுதிச் சடங்கில் ஒருவருக்கும் தீங்கு நினையாத மனிதர் என்று ஆளுக்காள் பேசினார்கள். வதனி உன் காலைப் பிடித்துக்கொண்டு, "என்ரை அண்ணையைக் கடைசியாப் பாத்த மனுசன்" என்று அழுதாள். பக்கத்தில் நின்று அதைக் கேட்கும்படி என்னை விட்டுவிட்டுப் படுத்திருந்தாய். உன்னைத் தோளில் பிடித்து எழுப்பி, சொல்லடா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் வதனி வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். வதனி அடுப்பை நிறுத்திவிட்டு மேசைக்கு வந்து இருந்தாள். முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"ஒவ்வொரு வருசமும் அண்ணையின்ரை பேரிலை அருச்சனை செய்யேக்கை உங்கடை கூட்டாளி எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவர்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் வானுக்குள்ளை இருந்தனீங்கள்தானே. உங்களோடை ஏழு கிழமை ஒண்டாக் கிடந்த மனுசன் என்ரை அண்ணை. காய்ச்சல் எண்டு அவர் சொன்னவுடனை, இறங்கிப் போய் ஒருக்கால் பாத்தனீங்களோ?"

"இல்லை."

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். போயிட்டு வாங்கோ என்று சொல்லவில்லை.

வீதி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே காரோட்டி வந்தேன். இருக்கும்போது நீ போய் நிற்க வேண்டிய வாசல் அது. அவளிடம் பேச்சு வாங்க வேண்டியவன் நீ. உனக்காகப் பேச நான் யார்? உன்னை மன்னிக்கவும் எனக்கு உரிமையில்லை, மனமும் இல்லை.

ஆனால் ஒன்று. நீ ஏறிய பிறகும் வான் ஐந்து நிமிடமாவது அங்கேயே நின்றது. சாரதி சிகரெட் முடிக்கக் காத்திருந்தோம். நிலவறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வர அந்த நேரம் போதும். போனால் என் இடம் போய்விடும் என்று பயந்து அசையாமல் இருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் உன்னோடு கோபம். அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் உன்னோடு கோபிக்க முடியவில்லை; அது என்னுடையது.