இரண்டும் தண்ணீர் போலவே இருந்தன

என் பிரியமுள்ள அப்பா,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. "புண்ணியவான், மலை சுத்தும்போதே போயிட்டாரு" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். மாரடைப்பு என்றுதான் போன வியாழக்கிழமை வரை நம்பியிருந்தேன்.

 

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும் என்றார்கள். முப்பது வருடம் நீங்கள் வேலை பார்த்த அதே கலெக்டர் ஆபீஸில்தான். அதைத் தேடி பீரோவைத் திறந்தேன். அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் உங்கள் கைக்குட்டை. பிரித்தால் இரண்டு இன்சுலின் பேனாக்கள். இரண்டுமே திறந்து, ஊசி மாட்டியவை. இரண்டுமே சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற, வேகமாக வேலை செய்கிற மருந்து.

நாள் முழுக்கத் தாங்கும் மருந்தின் பேனா எங்கே? பிரிட்ஜில் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த பெட்டி, ஒட்டுக்கூடப் பிரிக்காமல் இருந்தது.

அப்பா, நாள் முழுக்கத் தாங்க வேண்டிய அளவை வேக மருந்தில் போட்டால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துவிடும். பிரிட்ஜ் கதவை மூடவும் தோன்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்பெல்லாம் உங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. காலையில் போடும் மருந்து பால் மாதிரி கலங்கலாக இருக்கும். புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவீர்கள். சாப்பாட்டு மருந்து தண்ணீர் மாதிரி இருக்கும். கண்ணில் புரை வந்த பிறகும் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்தது. அதை மாற்றச் சொன்னது நான். புது மருந்தில் சர்க்கரை திடீரென்று தாழாது, நல்லது என்றேன். டாக்டரும் சரி என்றார். அது பொய்யில்லை. உண்மையிலேயே நல்ல மருந்துதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இன்சுலின் ஒரு புரதம். தண்ணீரில் கரைந்து உடனே உடம்பில் பரவிவிடும். அதற்குக் கொழுப்பு அமிலத்தால் ஒரு வால் ஒட்டுகிறோம். வாலுக்குத் தண்ணீர் ஆகாது. ரத்தத்துக்குள் போனதும் அது ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். சென்னையில் என் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வேறு வேறு புரதங்களுக்கு இப்படி வால் ஒட்டிப் பார்க்கிறோம். வால் நீளமாகிவிட்டால் மருந்து கரையாமல் திரிந்துபோகும். அளவாக இருந்தால் தெளிவாக நிற்கும்.

"தண்ணியப் பாத்தா பயப்படுற மருந்தா? குளிர்காலத்துல நீ குளிக்கப் பயப்படுற மாதிரி இருக்கே" என்று சிரித்தீர்கள். "இனிமே கலங்கலா இருக்காதுப்பா, சுத்தமா தண்ணி மாதிரி இருக்கும்" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அப்போது ஏன் எனக்கு அது தோன்றவில்லை? இரண்டும் தண்ணீர் மாதிரி இருந்தால், உங்கள் கண் எதை வைத்துப் பிரிக்கும்?

பேனாவின் முனையில் நிறம் வேறு வேறுதான். எனக்குத் தெரிந்த நிறம் அது. உங்கள் புரைக்கு?

பேனாக்களைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் அவள் கை நின்றது.

"இது ஏம்மா பீரோவுல இருக்கு?"

"எடுத்துட்டியா" என்றாள் அம்மா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"பத்தாம் நாள் காரியம் முடிஞ்சு பிரிட்ஜத் தொடச்சேன். புதுப் பெட்டி பிரிக்காமயே கெடந்துச்சு. பழசு முந்தின நாளே தீந்துபோச்சுனு உங்கப்பா சொல்லியிருந்தாரு. அப்போ என்னாத்தப் போட்டாருனு சந்தேகம் வந்துச்சு. ரெண்டையும் எடுத்துனு போயி மெடிக்கல்ல காட்டுனேன். 'ரெண்டுமே சாப்பாட்டு மருந்துமா'னான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"என்னானு சொல்றது? உன் வேலையே அதுதானே. நீயே வாங்கினு வந்து குடுத்தது. சொன்னா நீ தாங்குவியா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கு பிரிட்ஜுலர்ந்து எடுத்துக் குடுத்தது நானுடி. எனக்கு இங்கிலீஷு தெரியுமா?"

அப்பா, நான்கு மாதம். சோறு பொங்கி, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போட்டு, தினமும் போனில் "நான் நல்லா இருக்கேன், நீ சாப்டியா" என்று கேட்டவள், இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு எது பெரிய இடி என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் போன விதமா, அம்மா இருந்த விதமா?

மறுநாள் காலை, மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போனேன். நீங்கள் விழுந்த இடத்தை அதுவரை நான் பார்க்கவில்லை. வழியோரம் டீக்கடை வைத்திருக்கும் அம்மாதான் அன்று உங்கள் போனிலிருந்து எனக்குப் பேசியவர். நான் யாரென்று சொன்னதும் பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

"உக்காரும்மா. நல்லா நடந்துதான் வந்தாரு ஐயா. பெஞ்சுல உக்காந்ததும் கையெல்லாம் நடுங்குச்சு. வேர்த்து சட்டையெல்லாம் நனஞ்சுபோச்சு. 'சக்கரை தூக்கலா ஒரு டீ போடட்டுங்களா, தெம்பா இருக்கும்'னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'வேணாம்மா, எனக்கு சுகர் ஜாஸ்தி. சக்கரை இல்லாமயே குடு'னாரு. பாதி டீ குடிச்சாரு. அப்படியே சாஞ்சிட்டாரு."

அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியுமா? அவர் கையில் இருந்த அந்த ஒரு கரண்டி சர்க்கரை ஒருவேளை உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று? சர்க்கரை தாழ்ந்தாலும் உயிர் போகும், வேர்த்து நடுங்கினால் உடனே வாயில் இனிப்பு போடுங்கள் என்று நானாவது உங்களுக்குப் பத்து முறை சொல்லியிருக்க வேண்டும். வாலைப் பற்றி அவ்வளவு பேசினேனே அப்பா, இதை ஏன் சொல்லவில்லை?

திங்கட்கிழமை ஆய்வுக்கூடக் கூட்டத்தில் என் முறை வந்தது. எங்கள் புது மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். கரைசலின் படத்தைக் காட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.  பிறகு உங்கள் கதையைச் சொன்னேன். முழுவதும்.

 கேட்டு முடித்ததும் எங்கள் தலைவர், "பேனா செய்றது நம்ம வேலை இல்லையேம்மா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, பாவம்.

"மருந்து செய்றது நம்ம வேலைதானே சார். அது ஆளுங்க கைக்கு எப்படிப் போகணும்னு சொல்றதும் நம்ம வேலைதான்" என்றேன். தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி பேனாவில் மேடு வேண்டும், பெட்டியில் தமிழில் பெரிய எழுத்து வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார். என்ன ஆகும் என்று தெரியாது.

வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அம்மாதான், "அந்த மருந்தால எத்தினி பேரு நல்லா இருக்காங்க, போய் வேலையப் பாரு" என்றாள். பிறகு, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால், இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதியதை எடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "அப்படியே போடு. நாலு வீட்டுல பிரிட்ஜத் தொறந்து பாக்கட்டும்" என்றாள்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், அப்பா. அம்மாவை இனி எந்த உண்மையோடும் தனியாக இருக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்,
பூங்கொடி