பிரேக் மருந்து

இன்று காலை உறுதியான செய்தி இது. சொன்னவர் கிள்ளான் பட்டறை மேஸ்திரி. சரிவில் நிற்காமல் போய்க் கால்வாயில் இறங்கிய, கல் ஏற்றிய லோரியின் பிரேக் சிலிண்டரைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ரப்பர் வளையங்கள் ஊறிப் பருத்திருந்தன. மிதி அடிவரை போயும் வண்டி நிற்காததற்கு அதுதான் காரணம். ஓட்டிய மணியம் கள் குடித்திருந்தான் என்று குத்தகைக்காரர் புகார் கொடுத்ததில், அவனுடைய லைசென்ஸ் இப்போது வாகனப் பரிசோதகர் கையில் இருக்கிறது.

மேஸ்திரி பிரேக் எண்ணெயின் புது டின்னைத் திறந்தார். அதில் கலக்கும் விளக்கெண்ணெயின் வாடை வந்தது. நண்பா, கூடவே நீயும் வந்தாய்.

கம்பி இழுக்கும் பிரேக் போய், எண்ணெய் தள்ளும் பிரேக் வந்த புதிது. பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் நீ லோரிக்கு அடியில் கிடந்தாய். செய்தி கேட்க வந்த என்னை மேலே உட்கார வைத்திருந்தாய்.

"மிதிய்யா நிருபரே. அமுக்கிப் பிடி. விட்டுடாதலா."

"எவ்வளவு நேரம்?"

"காத்து போற வரைக்கும். குழாய்க்குள்ள காத்து இருந்தா மிதி பஞ்சா இருக்கும், உன் கட்டுரை மாதிரி."

குழாய் முனையில் நீ பிடித்திருந்த கண்ணாடிப் புட்டியில் கடைசிக் குமிழியும் அடங்கியதும், மிதி என் காலடியில் கல்லாக நின்றது.

பிறகொரு நாள் வேறொரு லோரி, பிரேக் பிடிக்காமல் வந்தது. ஊதிப்போன வளையத்தை விரலில் மாட்டிக் காட்டினாய். "பாருய்யா, மாமியா வீட்டு விருந்துல மாட்டுன மாப்பிள்ளைய!"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "மிஞாக் ஊத்தச் சொன்னாங்க, ஊத்துனேன்ணே."

"எந்த மிஞாக்?"

"இஞ்சின் மிஞாக்."

மலாயில் எல்லா எண்ணெயும் மிஞாக்தான்; ஆனால் இஞ்சின் எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். நீ அவரைத் திட்டவில்லை, சொல்லைத் திட்டினாய். "எண்ணெய்னு சொன்னா கைக்குக் கிடைச்சத ஊத்துவான். மருந்துன்னு சொல்லுங்கடா. பேதி மருந்த எவனாச்சும் மாத்திக் குடிப்பானா?" அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் டிரைவர்களுக்கு அது பிரேக் மருந்து. கிள்ளானுக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. யார் எதைச் சொன்னாலும் 'எந்த மிஞாக்?' என்று கேட்காமல் நான் எழுதுவதில்லை. மணியம் குடித்திருந்தான் என்றவர்களிடம், எந்தக் கடையில், யார் பார்த்தது என்று கேட்டேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். மணியத்திடமும் கேட்டேன்.

"மிதி ரெண்டு நாளா சரியில்லண்ணே. ஸ்டோர்ல பிரேக் மிஞாக் கேட்டேன், அவங்க குடுத்தத ஊத்துனேன்."

அதைக் கொண்டுபோய்ச் சொன்ன பிறகுதான் மேஸ்திரி சிலிண்டரைத் திறந்தார். உன் கதையைக் கேட்டுச் சிரித்தவர், டின் மேல் 'மருந்து' என்று சாயத்தால் எழுத வைத்துவிட்டார்.

வளையங்களை மாற்றி, காற்றெடுக்கும் வேலை நாளை முடியும். வெள்ளிக்கிழமை அதே சரிவில் பாரத்தோடு பரிசோதகர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். லைசென்ஸ் திரும்புமா என்பது அன்று தெரியும். யார் ஓட்டுவது என்று மேஸ்திரி கேட்டார்.

"நான்தாண்ணே," என்றான் மணியம்.