மண்டப வாசலில் நிற்கும் குதிரை

செவ்வாய், இரவு.

புதுக் குதிரை இன்றும் அடைப்பை விட்டு ஓடிவிட்டது. பீச்சில் சவாரி விடத்தான் என் வீட்டுக்காரர் வாங்கினார். அதுவோ ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து பழகியது. மேளம் கேட்டால் போதும், உதட்டாலேயே தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுக் கல்யாண மண்டப வாசலில் போய் நின்றுவிடுகிறது. அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பிடித்துவந்து பூட்டு போட்டார். சாவியை என் தாலியில் இருந்த ஊக்கில் மாட்டினார்.

"நீ வூட்லதான கீற? தீனி வைக்கணும், தண்ணி காட்டணும். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

தரமணியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று இன்றுதான் சொல்லலாம் என்றிருந்தேன்.

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். "இனிமே எங்கயும் போவாது, இன்னா?"

"போவாது" என்றேன்.